வலது காதின் பதிவேடு

மருத்துவர் அவர்களுக்கு,

உங்கள் காத்திருப்பறையின் மின்விசிறியில் ஒரு சிறு பழுது இருக்கிறது. ஒவ்வொரு நான்காவது சுற்றிலும் அது சுருதியில் அரைக்கட்டை தாழ்ந்து முனகுகிறது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். காது மருத்துவரின் அறையில் அப்படி ஒரு சத்தம் இருக்கக் கூடாதே என்று சொல்கிறேன். குறை கூறுவது என் நோக்கம் அன்று.

இரண்டாவது பிழை, என் மச்சானின் கோப்பில் இருக்கிறது. வலது காது ஏறக்குறைய முழுவதும் செவிடாகிவிட்டதற்குக் காரணம் 'மரபுவழி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறீர்கள். கேள்விக்குறி உங்கள் நேர்மையைக் காட்டுகிறது. ஆயினும் பிழை பிழைதான். அவனுடைய தந்தைக்கு முதுமையில் காது கேட்காமல் போனதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. அதைத் திருத்தும் பொருட்டே இக்கடிதம். பதினான்கு மாதப் பதிவேடு ஒன்றையும் இணைத்திருக்கிறேன். தேதி, படம், ரீல், ஒலியின் அளவு, அவன் கேட்டானா, காரணம் என்று ஆறு பத்திகள். கையெழுத்து தெளிவாகவே இருக்கும்; சுரக்குறிப்பு எழுதிப் பழகிய கை.

மச்சான் என்று நான் சொல்வது என் மனைவியின் தம்பியை. அவனும் நானும் இரட்டையராகத் திரைப்படங்களுக்கு இசையமைத்து வருகிறோம். பத்தொன்பது ஆண்டுகள், முப்பத்தொரு படங்கள். மெட்டு அவனுடையது. அவனுக்குச் சுரக்குறிப்பு வாசிக்கத் தெரியாது, தொலைபேசியில் முணுமுணுப்பான். நான் அதைத் தாளில் இறக்கி, எந்தக் கருவி எங்கே நுழைய வேண்டும், எது எங்கே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று பிரித்து எழுதுவேன். பாட்டு இல்லாத இடங்களில் வரும் பின்னணி இசையில் பெரும்பகுதி நானே எழுதுவது. ஆனால் அவனுக்கு இருந்த காது எனக்கு இல்லை. நாற்பது பேர் வாசிக்கும்போது, பின் வரிசையில் ஒருவருடைய தந்தி மயிரிழை தளர்ந்திருந்தால், திரும்பிப் பார்க்காமலே அவருக்கு நேராக விரலை நீட்டுவான். நான் கணக்குப் போட்டு அடையும் இடத்தில் அவன் முன்பே உட்கார்ந்திருப்பான். இதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

நாங்கள் வேலை செய்யும் முறையைச் சற்று விளக்க வேண்டும். காட்சியில் கதவு திறக்கும் அதே நொடியில் முரசு விழ வேண்டுமானால், வாசிப்பவர்கள் இம்மியும் பிசகாமல் ஒரே வேகத்தில் போக வேண்டும். அதற்காக ஹெட்போனில் 'டிக், டிக்' என்று ஒரு தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கிளிக் என்போம். படம் பார்ப்பவர்களுக்கு அது கேட்காது. மச்சான் கூடத்தில், வாசிப்பவர்களுக்கு முன்னால் நின்று கை அசைப்பான். ஹெட்போனின் வலப்பக்கம் மட்டும் காதில் இருக்கும். இடப்பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுவான். இடது காது கருவிகளுக்கு, வலது காது கிளிக்குக்கு. நான் கண்ணாடிக்கு இப்புறம், கட்டுப்பாட்டறையில், ஒலிப்பதிவாளருக்கு அருகில் சுரத்தாள்களுடன் அமர்ந்திருப்பேன். மச்சானின் ஹெட்போனுக்குப் போகும் ஒலியை மட்டும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு யார் வைத்தாலும் அவனுக்குப் பிடிக்காது. "மாமா கை வெச்சாதான் சரியா வருது" என்பான். என் முன்னால் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி. அதில் இரண்டு குமிழ்கள். ஒன்று கிளிக்குக்கு, மற்றொன்று இசைக்கு.

இனி, எங்களுக்குள் இருந்த ஓர் ஏற்பாட்டைச் சொல்கிறேன். எங்கள் முதல் படத்தில், அந்தப் படத்தின் இயக்குநர் மெட்டைக் கேட்டுவிட்டு, "என்னய்யா இது, கல்யாண வீட்ல கரன்ட் போன மாதிரி இருக்கு?" என்றார். மச்சானுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மேசைக்கு அடியில் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான். "மெட்டு நல்ல மெட்டு சார். நான் வாத்தியம் போட்டதுதான் தப்பு. மூணு நாள் குடுங்க" என்றேன். மூன்று நாள் கழித்து, மெட்டில் ஒரு சுரத்தைக்கூட மாற்றாமல், குழலுக்குப் பதில் வேறொரு கருவியில் வாசித்துக் காட்டினோம். "இதத்தானய்யா கேட்டேன்" என்றார் அவர்.

அன்று முதல் அதுவே எங்கள் வழக்கமாயிற்று. இயக்குநருக்கு எது பிடிக்கவில்லையோ அது என் வேலை. மெட்டுப் போடுபவன் மேல் நம்பிக்கை போய்விட்டால் படம் கையைவிட்டுப் போகும். வாத்தியம் பிரிப்பவன் மேல் போனால் ஒன்றும் ஆகாது, அவன் திருத்திக் கொடுத்துவிடுவான். கூட்டம் முடிந்து காரில் ஏறியதும் இருவரும் சிரிப்போம்.

"இன்னைக்கு எத்தனை குட்டு மாமா?"

"நாலு."

"எனக்கு ஒண்ணுகூட இல்ல. நான் சமத்து."

உண்மை எது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அந்தச் சிரிப்புக்குப் பொருள் அதுதான். அது ஒன்று இருந்தவரை எத்தனை குட்டும் எனக்கு வலிக்கவில்லை.

பதினான்கு மாதங்களுக்கு முன், ஒரு பிற்பகலில், தேநீர் இடைவேளை விட்டிருந்தார்கள். வாசிப்பவர்கள் வெளியே போயிருந்தார்கள். ஒலிப்பதிவாளரும் போயிருந்தார். நான் அடுத்த ரீலின் தாள்களை அடுக்கிக்கொண்டு கட்டுப்பாட்டறையிலேயே இருந்தேன். மேசைக்குக் கீழே குனிந்து ஒரு தாளைத் தேடிக்கொண்டிருந்ததால், கண்ணாடிக்கு அப்புறமிருந்து பார்த்தவர்களுக்கு அறை காலியாகத் தெரிந்திருக்கும். கூடத்தில் பதினாறு மைக்குகள் திறந்திருந்தன. வெளியாள் ஒருவர் மைக்கைப் பார்த்தாலே குரலைத் தாழ்த்திவிடுவார். பதினெட்டு ஆண்டுகள் அவற்றின் நடுவே வாழ்ந்தவனுக்கு அவை நாற்காலி மேசை போல ஆகிவிடும். எங்கள் தொழிலில் இருப்பவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

மச்சானின் குரல் இடப்புற ஒலிபெருக்கியிலிருந்தும், அப்போது நாங்கள் வேலை செய்துகொண்டிருந்த படத்தின் இயக்குநருடைய குரல் சற்று நடுவிலிருந்தும் வந்தன. நல்ல மைக்குகள். மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"அந்த ஆஸ்பத்திரி சீன்ல ஒத்த வயலின் வருதே, அதக் கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுப்பா. யாரு போட்டது அது?"

"யாரு போடுவா? நான்தான் சார்."

"அப்ப அந்தச் சண்டையில தகர டப்பாவ உருட்டுன மாதிரி ஒண்ணு வந்துச்சே?"

"அது மாமா."

இயக்குநர் சிரித்தார். "நல்லதெல்லாம் நீ, சொத்தையெல்லாம் மாமாவா?"

"பதினெட்டு வருஷமா அப்படித்தான் சார் ஓடுது. என்ன பண்றது, அக்காவக் கட்டிக் குடுத்தாச்சு. இவரக் கழட்டி விட்டா அக்கா வீட்டு வாசப்படி மிதிக்க முடியாது."

"அப்ப அடுத்த வருஷம் என் படத்துக்கு?"

"அது நான் மட்டும்தான் சார், பேசுனது பேசுனதுதான். மாமாகிட்ட மெதுவாச் சொல்லிக்கிறேன். அவருக்கு என்ன, நோட்டு எழுதறவர்தானே. டைப் அடிக்கிறவங்க மாதிரி. யாரு சொன்னாலும் அழகா எழுதிக் குடுத்துடுவாரு."

தகர டப்பா மச்சானுடைய யோசனை. வேண்டாம் என்று நான் இருமுறை சொல்லியிருந்தேன். அந்த ஒற்றை வயலின் நான் எழுதியது. என் மனைவிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தபோது, ஆறு மணி நேரம் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். கையில் இருந்த மருத்துவமனைப் படிவத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதினேன். ஐம்பத்திரண்டு வினாடிகள். பக்கத்து நாற்காலியில் மச்சான் உட்கார்ந்திருந்தான். நான் எழுதுவதைப் பார்த்தான். "என்ன மாமா அது?" என்று கேட்டான். நான் மெல்லப் பாடிக் காட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். உடன் இருந்தவன் அவன் ஒருவன்தான்.

பொய்யைக்கூட மன்னிக்கலாம் என்று நினைக்கிறேன். தொழிலில் ஆயிரம் பொய் சொல்கிறோம். அவன் குரலில் தயக்கமே இல்லை. வலிந்து சொல்லும் பொய்யில் ஒரு சிறு இடைவெளி இருக்கும், அரை மாத்திரையாவது. நான் காத்திருந்து கேட்டேன், இல்லை. நான் அவனைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை அவன் எப்போதோ உண்மையென்று எடுத்துக்கொண்டுவிட்டான். காரில் பல ஆண்டுகளாக நான் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இடைவேளை முடிந்தது. மச்சான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தான். "மாமா, கிளிக் கொஞ்சம் கம்மியா இருக்கு." குமிழை ஒரு கோடு திருப்பினேன். பதிவேட்டின் முதல் வரி அது.

அன்று மாலை வீட்டில் என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி அடுத்த வருஷம் தனியாப் படம் பண்றானாமே?" என்றேன்.

"உங்ககிட்ட யாரு சொன்னா?"

செய்தி புதிதாக இருப்பவர் கேட்கும் கேள்வி அது அன்று. "உனக்கு எப்பலேருந்து தெரியும்?" என்றேன்.

"ரெண்டு மாசம் இருக்கும். அவனே சொல்றேன்னான், நான் எதுக்கு நடுவுல வாயக் குடுக்கணும்? ஆசைப்படறான், ஒரு படம்தானே. உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு கெடைச்ச மாதிரி இருக்கும்." ஒரு சட்டையை மடித்து என் அடுக்கில் வைத்தாள். "முகத்த ஏன் அப்படி வெச்சிருக்கீங்க? ஊரு உலகத்துல நடக்காததா?"

"அந்த ஆஸ்பத்திரி வயலின் அவன் போட்டதுன்னு சொல்லிட்டிருக்கான்."

"எந்த வயலின்?" என்றாள்.

அவளுக்கு நான் அதைச் சொன்னதே இல்லை. ஆகையால் அவள் மீது குற்றம் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பிறகு, என் துணியடுக்கை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டேன்.

நான் கோபக்காரன் அல்லன். பதிவேட்டைப் பார்த்தால் அது விளங்கும். கோபத்தில் செய்த வேலை இவ்வளவு சீராக இருக்காது. முதல் ஐந்து மாதங்களில் அவன் கேட்காமல் நான் ஒருமுறைகூடக் கிளிக்கை ஏற்றவில்லை. ஆனால் அவன் கேட்க வேண்டிய நிலையை நான் உண்டாக்கினேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டாவது குமிழால் இசையைச் சற்று ஏற்றினால், கிளிக் அதற்குள் அமிழ்ந்துவிடும். "மாமா, கிளிக் கேக்கல" என்பான். கிளிக்கை ஏற்றுவேன். அடுத்த வாரம், சென்ற வாரம் முடித்த அளவிலிருந்து தொடங்குவேன். காது பழகிக்கொள்ளும், பழகிக்கொண்டு இன்னும் கேட்கும். உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆறாம் மாதம் கிளிக்கின் ஒலியையே மாற்றினேன். மரக்கட்டையைத் தட்டுவது போன்ற ஒலிக்குப் பதிலாக, ஊசி முனை போல மேலே நிற்கும் ஓர் ஒலி. "இப்பதான் மாமா தெளிவா இருக்கு. இத்தன வருஷமா ஏன் இத வெக்கல?" என்று கோபித்துக்கொண்டான்.

ஏழாம் மாதம் ஒலிப்பதிவாளர் என்னிடம் குனிந்து சொன்னார்: "சார், அவரு ஹெட்போன்லேருந்து கிளிக் வெளிய வழிஞ்சு வயலின் மைக்ல விழுது. காது கொழகொழன்னு ஆயிடும் சார், இவ்வளவு வெச்சா."

"அவருக்கு அப்படித்தான் வேணுமாம்."

"நீங்க சொல்லக் கூடாதா?"

"நான் சொன்னா யாரு கேக்கறா? நான் நோட்டு எழுதறவன்" என்றேன். அவர் சிரித்தார்.

அவர் சொன்ன குறை நியாயமானது. பதிவில் கிளிக் வழியக் கூடாது. மச்சானின் பிறந்தநாளுக்கு, காதை முழுவதும் மூடும் தடித்த மெத்தை வைத்த ஹெட்போன் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். நெகிழ்ந்துபோனான். "மாமா வாங்கிக் குடுத்தது" என்று வாசிப்பவர்கள் எல்லாருக்கும் காட்டினான். அதன் பிறகு எதுவும் வெளியே வழியவில்லை.

எட்டாம் மாதத்தில் ஒருநாள், பதிவு முடிந்து காரில் போகும்போது, "காதுக்குள்ள விசில் அடிக்குது மாமா" என்றான்.

"எனக்கும் அடிக்கும். இந்தத் தொழில்ல எல்லாருக்கும் இருக்கறதுதான். தூங்கி எழுந்தா போயிடும்."

எனக்கு அப்படி எதுவும் இல்லை. இது நான் சொன்ன பொய். பதிவேட்டில் தனியே கோடிட்டிருக்கிறேன்.

அவனைச் செவிடாக்குவது என் எண்ணமாக இருக்கவில்லை. தனியாகப் போக முடியாத அளவுக்கு, சற்றுக் குறைந்தால் போதும் என்று கருதினேன். அவனுக்கு நான் தேவைப்பட வேண்டும். பழைய ஏற்பாடு தொடர வேண்டும். இதில் யாருக்கும் பெரிய நட்டம் இல்லை என்று அப்போது தோன்றியது.

பதினோராம் மாதம் நடந்தது ஒன்று. எங்கள் முதல் வயலின் வாசிப்பவர் அறுபத்திரண்டு வயது அம்மாள். எல்லாருக்கும் அவர் அக்கா. மச்சான் நடுவில் கையைத் தூக்கி வாசிப்பை நிறுத்தினான்.

"அக்கா, மேல போறப்போ சுருதி இறங்குது."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் அந்தச் சுரத்துல குடியேறிட்டேன். அது எறங்குனா நானும் சேர்ந்து எறங்கியிருப்பேன். இன்னொரு வாட்டி நல்லாக் கேளு."

நாற்பது பேரும் சிரித்தார்கள். மச்சானின் முகம் சிவந்தது. கண்ணாடிப் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்களே சொல்லுங்க."

சுரம் சுத்தமாக இருந்தது. கூடத்துடன் பேசும் பொத்தானை அழுத்தி, "கொஞ்சம் இறங்கத்தான் செய்யுது அக்கா" என்றேன். அந்த அம்மாள் வில்லை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் என்னையே பார்த்தார். பிறகு, கேட்டபடி ஒரு மயிரிழை ஏற்றி வாசித்தார். அதற்குப் பிறகு மச்சான் அவரை அழைக்கவில்லை.

அந்தப் பிழையான வாசிப்பு படத்தில் இருக்கிறது. நான்காம் ரீல், இருபத்தெட்டு வினாடிகள். எங்கேனும் அது ஒலிக்க நேர்ந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். இந்த விவகாரத்தில் என் மனத்தை உறுத்துவது என்று ஏதேனும் உண்டென்றால், அது அந்த இருபத்தெட்டு வினாடிகள்தான்.

அடுத்த மாதம் அவன் தனியாக ஒப்புக்கொண்டிருந்த படத்துக்கு மெட்டுப் போடத் தொடங்கினான். முதல் மூன்று மெட்டுகளையும் இயக்குநர் வேண்டாம் என்றாராம். பழி போட அருகில் ஆள் இல்லை. ஒருநாள் காலை எங்கள் வீட்டுக்கு வந்தான். என் மனைவி குளிக்கப் போயிருந்தாள். கைப்பேசியை ஒரு காதிலும் மறு காதிலும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினான்.

"இந்தக் காதுல ஒரு சுரம் கேக்குது மாமா, இதே சத்தம் அந்தக் காதுல வேற சுரமா, கீழ கேக்குது. எது நெசம்னு தெரியல. ஒரு மெட்டு மனசுல வருது, வாயால பாடுறேன், ரெண்டு பேரு பாடற மாதிரி கேக்குது. யார்கிட்டயும் சொல்லாதீங்க. அக்காகிட்டகூடச் சொல்லாதீங்க."

என் தோளில் சாய்ந்து அழுதான். முதுகைத் தட்டிக் கொடுத்தேன். மருத்துவமனைத் தாழ்வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் என் முன் அழுதான். எனக்கு நிறைவாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட இன்னொரு படம் இருந்தது. அதில் ஒன்பது பதிவுகள் மிச்சம் இருந்தன.

பிறகுதான் உங்களிடம் வந்தோம். "ரொம்பச் சத்தமான இடத்துல வேலை பாக்கறாரா?" என்று நீங்கள் கேட்டீர்கள். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "சங்கீதம்தான் டாக்டர், இரைச்சல் ஒண்ணும் இல்ல. பெட்டி என் கையிலதான் இருக்கு" என்றேன். நீங்கள் அதை நம்பி, தந்தையைப் பற்றிக் கேட்டீர்கள். பிழை அங்கேதான் நுழைந்தது. ஆகவே அதில் பாதி என்னுடையது. வலது காது திரும்ப வராது என்றும், இடது காதையாவது காப்பாற்ற வேண்டும், சத்தம் கூடவே கூடாது என்றும் சொன்னீர்கள். அவன் இடிந்துபோய் உட்கார்ந்திருந்ததால் என்னைப் பார்த்து, "நீங்கதான் பாத்துக்கணும்" என்றீர்கள். "பாத்துக்கறேன்" என்றேன்.

'மரபுவழி' என்ற அந்த ஒரு சொல் இரண்டு வீடுகளில் என்ன செய்தது என்பது உங்களுக்குத் தெரியாது. என் மனைவி கைக்கடிகாரத்தைக் காதருகே பிடித்து, மெல்ல மெல்லக் கையை நீட்டி, எவ்வளவு தூரம் வரை கேட்கிறது என்று நாள்தோறும் அளந்துகொள்கிறாள். அதை நான் மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவளுக்கு ஒன்றும் வராது என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. 'எந்த வயலின்' என்று கேட்டவள் அவள்.

ஆனால் மச்சானின் மகளுக்கு எட்டு வயது. அவளையும் சோதிக்க வேண்டும் என்று சத்தம் புகாத அறையில் உட்காரவைத்தீர்கள். ஹெட்போனை மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று அவள் அழுததால், வரும் வியாழனுக்குத் தள்ளிவைத்தீர்கள். வெளியே வந்ததும் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அத மாட்டிக்கிட்டா நானும் அப்பா மாதிரி ஆயிடுவேனா?"

"ஆக மாட்டே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது, சொல்லக்கூடியதாக இல்லை. அன்றுதான் இக்கடிதத்தை எழுதுவது என்று தீர்மானித்தேன். அவளுக்குச் சோதனை தேவையில்லை. கோப்பில் அடித்தெழுதிவிடுங்கள். உங்கள் நோயாளிக்குக் காதில் நோய் எதுவும் இல்லை. அவனுடைய வலது காதை, பதினான்கு மாதங்களில், அறுபத்தேழு பதிவுகளில், நான் கெடுத்தேன்.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் பதிவேட்டில் அறுபத்தெட்டாவதாக ஒரு வரி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பதிவு முழுமையாகாது.

அன்று உங்களிடமிருந்து திரும்பும் வழியில், மகள் பின் இருக்கையில் தூங்கிவிட்ட பிறகு, மச்சான் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னான். "நான் தனியா ஒத்துக்கிட்ட படத்தையும் நாம சேர்ந்தே பண்ணலாம் மாமா. உங்க பேரு முதல்ல வரட்டும்." பிறகு இதையும் சொன்னான்: "நான் அந்த டைரக்டர்கிட்ட உங்களப் பத்தி ரொம்பக் கேவலமாப் பேசியிருக்கேன். உங்களுக்குத் தெரியாது. நேத்து போன் பண்ணிச் சொல்லிட்டேன், அந்த ஆஸ்பத்திரி வயலின் நீங்க அக்காவுக்காகப் போட்டதுன்னு. அக்காகிட்டயும் சொல்லிட்டேன். என்ன திட்டணும்னா திட்டிடுங்க மாமா."

திட்டவில்லை. வீட்டுக்குப் போனபோது என் மனைவி கதவைத் திறந்தாள். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இழந்தது எல்லாம் ஒரே பகலில் திரும்பி வந்துவிட்டது. நான் எதிர்பார்த்ததும் அதுதான்.

சென்ற வெள்ளிக்கிழமை அந்தப் படத்தின் முதல் பதிவு. வலது காது பயன்படாததால், மச்சான் ஹெட்போனை இடது காதில் வைத்துக்கொண்டான். "மெதுவா வைங்க மாமா, டாக்டர் அம்மா திட்டுவாங்க" என்றான். மிகக் குறைவாக வைத்தேன். கட்டைவிரலை உயர்த்தினான். "இதே போதும். கரெக்டா இருக்கு." கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினான். நாற்பது பேரும் அவன் கையைப் பார்த்திருந்தார்கள்.

நான் ஏற்றினேன். மூன்று கோடுகள். அடுத்த வாசிப்பில் மேலும் இரண்டு. அவன் முகம் சுளித்தான். தன் காதின் குறைதான் என்று எண்ணியிருக்க வேண்டும். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மாலைக்குள் ஆறு வாசிப்புகள் முடிந்தன.

'அவன் கேட்டானா' என்ற பத்தியில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். 'காரணம்' என்ற பத்தியில் நான்கு முறை எழுதி, நான்கு முறையும் அழித்தேன். தாள் அவ்விடத்தில் சற்றுத் தேய்ந்திருக்கும், பொறுத்தருள வேண்டும்.

அடுத்த பதிவு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. இக்கடிதத்தைச் சாதாரணத் தபாலில் சேர்க்கிறேன். புதன்கிழமை உங்களுக்குக் கிடைத்துவிடும்.